ஒரு ஆய்வேட்டைக் கரைசேர்த்த கதை

போன வருடம் பங்குனியில் கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். "ரீச்சர், துணுக்காய்ப் பக்கத்துச் சிறுகுளங்களைப் பற்றி நீங்கள் செய்த ஆய்வேட்டை மூன்று கட்டுரையிலை மேற்கோள் காட்டியிருக்கினம். எழுதின மூன்று பேரையும் கேட்டுப் பாத்திட்டன். ஒருத்தரும் அதைக் கண்ணாலை காணேல்லையாம்" என்றார். முதலாமவர் எங்கோ ஒரு பட்டியலில் தலைப்பைப் பார்த்து எழுதியிருக்கிறார். மற்ற இருவரும் அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த ஆய்வேட்டை நானே கிட்டத்தட்ட பதினைந்து வருடமாகக் கண்ணால் காணவில்லை.

அது 2005 இல் நான் கொடுத்த முதுமாணி ஆய்வேடு. மழை குறைந்த வருடங்களில் சிறுபோகம் எனும் கோடைகாலப் பயிருக்குக் குளத்து நீரை எப்படிப் பங்கிட்டார்கள், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் யார் பேசினார்கள், யார் வாய் திறக்கவில்லை, கூட்டத்தில் எடுத்த முடிவு துருசடியில், அதாவது குளத்து நீரைத் திறந்துவிடும் மதகடியில், எப்படி மாறியது என்பதுதான் விடயம். 2002 இல் போர்நிறுத்தம் வந்து, வன்னியை ஊடறுக்கும் ஏ9 வீதி திறந்த பிறகு கிடைத்த அந்தக் கொஞ்சக் காலத்தில்தான் இப்படி ஒரு வேலையைச் சைக்கிளில் திரிந்து செய்ய முடிந்தது. அதனால் அந்தத் தரவுகளை இனி யாரும் திரும்பச் சேகரிக்க முடியாது. சில குளக்கட்டுகளில் நான் கதைத்த மனிதர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

ஜே. பி. லூயிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதி 1895 இல் வெளிவந்த கைநூலை இன்று எவரும் வீட்டிலிருந்தபடி இணையத்தில் வாசிக்கலாம். அதற்கு நூற்றுப்பத்து வருடம் கழித்து அதே வன்னியின் மல்லாவியில் இருந்து எழுதியதை வாசிக்க முடியாது. அந்தத் தம்பியின் அழைப்புக்குப் பிறகு இந்த நினைப்பு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் கட்டிக் கொடுத்த பிரதிகள் மூன்று. ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று எனக்கு. நூலகப் பட்டியலில் தலைப்பு இருந்தது, இராக்கையில் புத்தகம் இல்லை. துறை அதற்கிடையில் இரண்டு தடவை கட்டடம் மாறிவிட்டது. எனது பிரதி 2009 இல் கடைசிப் போரில் இடம்பெயர்ந்து மாத்தளனுக்குப் போகும் வழியில் எங்கோ விடுபட்டது. அம்மாவின் சொப்பிங் பைக்குள் பிறப்புச் சான்றிதழ்களும் காணிப் பத்திரமும் ஒரு மாற்றுச் சேலையும் இருந்தன. இருநூற்றுச் சொச்சம் பக்கப் புத்தகத்துக்கு அதில் இடமில்லை. அம்மா சரியாகத்தான் தெரிவு செய்தார்.

களக்குறிப்புகள் ஆறு சி.ஆர். கொப்பிகளில் இருந்தன. அவற்றைப் பிளாஸ்டிக் பரலுக்குள் போட்டு வீட்டுக் கோடியில் புதைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டோம். மீளக் குடியேறி வந்து தோண்டியபோது பரலின் மூடி வெடித்திருந்தது. இரண்டு கொப்பிகளைக் கறையான் முழுதாகத் தின்றிருந்தது. நான்கு தப்பின.

தட்டெழுதிய கோப்புகள் தப்பியது தற்செயல்தான். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு கொழும்பு வெள்ளவத்தைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு சிநேகிதியிடம் ஒரு சிடியைக் கொடுத்து, "இதை எங்கையாவது வை" என்று சொல்லியிருந்தேன். அவள் அதைத் தன் கலியாண அல்பத்துப் பெட்டிக்குள் போட்டிருக்கிறாள். அவள் ஒழுங்கான ஆளே இல்லை. ஆனால் கலியாண அல்பத்தை யாரும் எறிய மாட்டார்கள் என்பதை அவள் சரியாகக் கணித்திருக்கிறாள்.

சிடி வந்து சேர்ந்தது. அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் ஒரு கணினியிலும் சிடி போடும் தட்டு இல்லை. கிளிநொச்சி டவுனில் போட்டோ கொப்பிக் கடை ஒன்றில் பழைய டெஸ்க்டொப் ஒன்று இருந்தது. முதல் தடவை வாசிக்க மறுத்தது. துடைத்துப் போட்டு, அடுத்த தட்டில் போட்டு, நாலாவது தடவை திறந்தது. பதியும் சிடிக்குள் இருக்கும் சாயப் படை நாட்பட மங்கும். எனது சிடியிலும் ஓரத்தில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. ஏழு அத்தியாயமும் வந்தன, இரண்டு அட்டவணைக் கோப்புகள் வரவில்லை. சரி, அவற்றைக் கொப்பியிலிருந்து திரும்ப அடிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். கோப்புகளை அந்தத் தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "ரீச்சர், இது என்ன பாசை?"

பாமினி. இலங்கையில் அந்தக் காலத்தில் தமிழ் தட்டெழுதியவர்களுக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையில்லை. இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்தால் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். அதாவது நான் இருநூறு பக்கம் தமிழில் எழுதினேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கணினியைக் கேட்டால் அதில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. தேடல் பொறிக்கு அது குப்பை. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் குப்பை.

எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றித் தரும் இணையக் கருவிகள் நிறைய இருக்கின்றன. முதலாம் அத்தியாயத்தை அப்படியே ஒட்டி மாற்றினேன். தமிழ் அழகாக வந்தது. ஆனால் இடையிடையே ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஆசிரியர் பெயர்கள், நூல் தலைப்புகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டன. கருவிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. அதைவிட மோசம் காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது 'இ'. ஆகவே ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்த அட்டவணைகளில் 1,250 ஏக்கர் 1இ250 ஏக்கராக மாறியது. பெயர் குழம்பினால் யாரும் கண்டுபிடிப்பார்கள். எண் குழம்பினால் எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

அந்தத் தம்பிதான் வழி கண்டுபிடித்தார். வேர்ட் கோப்பில் ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவல் இருக்கும். பாமினியில் இருப்பதை மட்டும் எடுத்து மாற்று, மற்றதைத் தொடாதே என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். தொண்ணூறு வீதம் சரிவந்தது. மிச்சத்தை நானும் மகளும் இரண்டு மாதம் பிழை பார்த்தோம். மகள் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் நின்றாள். "அம்மா, 'துருசு' எண்டா என்ன?" என்று அவள் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

இப்போது எங்கே வைப்பது என்ற கேள்வி. இதில் நான் ஏற்கெனவே இரண்டு தடவை சூடு பட்டவள்.

2007 இல் ஒரு மாநாட்டு மலரில் எனது கட்டுரை ஒன்று வந்தது. அதை அவர்கள் இணையத்தளத்திலும் போட்டார்கள். நான் பெருமையாக அந்த முகவரியை எல்லா விண்ணப்பங்களிலும் எழுதினேன். பணம் கட்டாமல் அந்த முகவரி காலாவதியாகி யாரோ வாங்கிவிட்டார்கள். இப்போது அதைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. எத்தனை அதிபர்மார் அதைத் திறந்து பார்த்தார்களோ தெரியாது. எனது ஆய்வேட்டின் உசாத்துணையில் இருந்த ஒன்பது இணைய முகவரிகளையும் சோதித்தேன். இரண்டுதான் உயிரோடு இருந்தன. இன்னும் நான்கை, பழைய இணையப் பக்கங்களைச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் காப்பாற்றி வைத்திருந்தது.

மற்றது, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரை. அதை வாசிக்கப் போனால் 40 டொலர் கேட்கிறது. எழுதியவளிடம்! ஆராய்ச்சி முடிவுகளை யாரும் காசில்லாமல் வாசிக்க வேண்டும், அதாவது திறந்த அணுக்கம் வேண்டும் என்று புடாபெஸ்டில் கூடிக் கதைத்தவர்கள் அறிக்கை விட்டது 2002 இல். நான் அந்தக் கட்டுரையை எழுதும்போது எனக்கு அது தெரியாது. பதிப்பாளர் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டு உரிமையைக் கொடுத்துவிட்டேன். நல்லகாலம், பெரும்பாலான இதழ்களில் ஒரு வாசல் இருக்கிறது. அவர்கள் பக்கம் வடிவமைத்த பிரதியைப் போட முடியாது. ஆனால் மதிப்பாய்வு முடிந்து ஏற்றுக்கொண்ட நிலையில் இருந்த நமது சொந்தக் கோப்பைப் பொதுவில் வைக்கலாம். எனது இதழும் அதை அனுமதித்திருந்தது. அந்தக் கோப்பு பழைய மின்னஞ்சலில் கிடைத்தது. இப்போது எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கோப்பைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

கூகுள் டிரைவில் போட்டு இணைப்பைக் கொடுப்பது எல்லோரும் செய்வது. அது எனது கணக்கு. நான் செத்தால் அதுவும் போகும். நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வருகிறது. அச்சுப் பிரதியின் ஸ்கான் அங்கே இருப்பதுதான் பொருத்தம். ஆனால் என்னிடம் அச்சுப் பிரதி இல்லை. அதோடு எனக்குத் தரவுக் கோப்புகளையும் சேர்த்து வைக்கவும், மேற்கோள் காட்டுவதற்கு ஒரு நிலையான இலக்கம் பெறவும் வேண்டியிருந்தது.

அப்படித்தான் ஸெனோடோவுக்கு வந்தேன். ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வுகூடம் 2013 இலிருந்து நடத்தும் களஞ்சியம். அணுத்துகள்களை மோதவிடும் அதே இடம்தான். இலவசம். எந்த நாட்டவரும், எந்தத் துறையினரும், பல்கலைக்கழகப் பதவி இல்லாத பாடசாலை ரீச்சரும் போடலாம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை தருகிறார்கள். அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகர் ஸெனோடோட்டஸின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். காணாமல் போனதற்காகவே பேர்பெற்ற நூலகத்தின் ஆளின் பெயரையா வைத்தார்கள் என்று முதலில் நினைத்தேன். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 புத்தகங்களும் ஏடுகளும் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்யும்.

எனக்குப் பிடித்தது அவர்கள் என்றென்றைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை என்பது. ஆய்வுகூடம் இருக்கும்வரை இருக்கும், அதன் திட்டங்கள் குறைந்தது அடுத்த 20 வருடத்துக்காவது வகுக்கப்பட்டிருக்கின்றன என்கிறார்கள். இருபது வருடம் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய காலம் என்று வன்னியில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதிவுக்கு டிஓஐ என்று ஒரு இலக்கம் கிடைக்கும். களஞ்சியத்தின் முகவரி நாளைக்கு மாறினாலும் அந்த இலக்கத்தைத் தட்டினால் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விடும். வீடு மாறினாலும் அடையாள அட்டை இலக்கம் மாறாதது போல.

போடுவதற்கு முன் மூன்று வேலை. உரிமை கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஏழு கிழமை கழித்து, ஆய்வேட்டின் உரிமை உங்களுடையதே என்று ஒரு வரிப் பதில் வந்தது. நிலஅளவைத் திணைக்களத்தின், மைலுக்கு ஒரு அங்குல அளவு வரைபடத் தாளிலிருந்து நான் நகலெடுத்து வரைந்த வரைபடங்களை நீக்கினேன். யாரும் பயன்படுத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இணைய வரைபடத்தை அடியில் வைத்து, அதன் பெயரையும் குறிப்பிட்டுப் புதிதாக வரைந்தோம்.

மூன்றாவதில்தான் நான் அதிக நாள் நின்றேன். பெயர்கள். கொப்பிகளில் எல்லாப் பெயர்களும் இருந்தன. யார் இரவில் வாய்க்காலை வெட்டினார், யாருக்குப் பத்திரமில்லாத காணி இருந்தது, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார். இருபது வருடத்துக்கு முந்திய சண்டைதானே என்று விட முடியாது. அந்தக் காணிகளுக்கு இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. இன்னும் சிலர் 2009 க்குப் பிறகு எங்கே என்று தெரியாதவர்கள். அவர்களின் வாயிலிருந்து வந்த வசனத்தை யாரைக் கேட்டு உலகத்துக்குத் திறந்துவிடுவது? தாய்மாரிடமா?

ஆய்வேட்டில் பெயர்களுக்குப் பதில் இலக்கம் இட்டேன். அட்டவணைகளைத் திறந்து வைத்தேன். கொப்பிகளின் ஸ்கானை மூடிய கோப்பாக வைத்தேன். ஸெனோடோவில் அப்படிச் செய்யலாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், வேண்டியவர் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். திறந்த அணுக்கம் என்றால் எல்லாவற்றையும் நடுத்தெருவில் வைப்பது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உயிரோடு இருப்பவர்களை முடிந்தவரை போய்ப் பார்த்துக் கேட்டேன். அந்த நாளில் விதானையாக இருந்த ஐயா ஒருவர், இப்போது எண்பது தாண்டிவிட்டது. "உங்கடை பேரை எடுத்திட்டு ஒரு நம்பர் போட்டிருக்கிறன் ஐயா" என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "மற்றவையின்ரை பேரை விடு பிள்ளை. என்ரை பேரைப் போடு. நான் சொன்னதை நான்தானே சொன்னனான்" என்றார். பாதுகாக்கிறோம் என்று ஒருவரின் அறிவிலிருந்து அவரையே வெட்டி எறிந்துவிடுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரிடம் கையெழுத்து வாங்கி, பெயரைத் திரும்பச் சேர்த்தேன்.

போடும் வேலை சுலபம். இறுதிக் கோப்பை லிப்ரே ஒபிஸில் பிடிஎப்-ஏ வகையில் ஏற்றுமதி செய்தேன். அந்த வகையில் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே ஏறிவிடும். பாமினியில் பட்டது போதும். அட்டவணைகள் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக. அதை எக்செல்லில் நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் தமிழ் கோணல்மாணலாகத் தெரியலாம். எழுத்துக் குறியாக்கம் யூடிஎப்-8 என்று தெரிவுசெய்து இறக்க வேண்டும் என ஒரு சிறு விளக்கக் கோப்பும் வைத்தேன். டிஓஐ இலக்கத்தை முதலே ஒதுக்கித் தருவார்கள், அதை முகப்புப் பக்கத்தில் அச்சிட்டுவிட்டே ஏற்றலாம்.

உரிமத்தில், மற்றவர்கள் எதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லும் கிரியேட்டிவ் கொமன்ஸ். முதலில் வணிகப் பயன்பாடு கூடாது என்ற வகையைத் தெரிவுசெய்தேன். பிறகு, இங்கே யாராவது ஒரு சின்னப் பதிப்பாளர் இதை அச்சிட்டு முந்நூறு ரூபாய்க்கு விற்றால் எனக்கு என்ன நட்டம் என்று யோசித்து, பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற வகைக்கு மாறினேன். இதை நிதானமாகச் செய்யுங்கள். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

ஸ்கான் கோப்புகள் பெரியவை. வீட்டு டேட்டாவில் மூன்று தடவை அறுந்தது. இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் ஏறியது. ஏறிய ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் நீளமான ஒரு குறியீடு காட்டும். நமது கணினியில் உள்ள கோப்புக்கும் அதே குறியீட்டைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஒரு எழுத்து வித்தியாசம் என்றாலும் கோப்பு ஒன்றல்ல. மூன்றாம் கொப்பிக்கு ஒத்துவரவில்லை. பென் டிரைவில் கொண்டுவரும்போதே கோப்பு அரைகுறையாக வந்திருக்கிறது. பார்க்காமல் விட்டிருந்தால் கடைசி நாற்பது பக்கம் இல்லாத கொப்பியைத்தான் ஜெனீவாவில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

ஆடி மாதம் வெளியிடும் பொத்தானை அழுத்தினேன். அடுத்த நாள் காலை மகள் வந்து, நாலாம் அட்டவணையில் மாரிமழைக் காலபோகமும் சிறுபோகமும் தலைப்பு மாறிக் கிடக்கிறது என்றாள். தலைப்பு, சுருக்கம் போன்ற விவரங்களை எப்போதும் திருத்தலாம். வெளியிட்ட கோப்பை மாற்றுவது என்றால் இரண்டாம் பதிப்பு, புதிய டிஓஐ. முதலாவது பிழையோடு அப்படியே இருக்கும், எவரும் பார்க்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ முதலாம் பதிப்பை மேற்கோள் காட்டியிருந்தால் அவர் பார்த்தது எது என்று தெரிய வேண்டுமே. இரண்டாம் பதிப்பை ஏற்றினேன்.

பிரதிகள் இப்போது வேறிடங்களிலும் இருக்கின்றன. ஒன்று பாடசாலையில் ஒரு ஹார்ட் டிஸ்கில், ஒன்று கனடாவில் என் கூடப்பிறந்த தம்பியிடம். நிறையப் பிரதி வைத்தால் பொருள் பத்திரம் என்பதையே பெயராக வைத்து ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1999 இலிருந்து லொக்ஸ் என்று ஒரு திட்டத்தை நடத்துகிறது. வெள்ளவத்தைச் சிநேகிதிக்கும் ஒரு பென் டிரைவ் அனுப்பினேன். அல்பத்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டாளாம்.

புரட்டாதியில் ஐயாவைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். தொலைபேசியில் ஆய்வேட்டைத் திறந்து, தேடும் பெட்டியில் அவர் குளத்தின் பெயரைத் தமிழில் அடித்தேன். நாற்பத்தொரு இடத்தில் மஞ்சளாக வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னார். வரைபடம் வந்ததும் நிற்பாட்டி, விரலை வைத்து,

"பிள்ளை, இந்தத் துருசு இஞ்சாலை இல்லை. மிச்சத் தண்ணி வழியிற வான் பக்கமா வரவேணும்" என்றார்.

இருபது வருடத்துக்கு முன்பே நான் பிழையாகக் குறித்திருக்கிறேன். மகள் அங்கேயே குந்தியிருந்து, அவர் காட்டியபடி கொப்பியில் கீறிக்கொண்டாள். மூன்றாம் பதிப்பு மார்கழி லீவில்.